இரண்டு கால் மேசை

நேப்பிள்ஸ், 11 மார்ச் 1963

எர்சிலியாவுக்கு, அக்கா ரஃபேலா எழுதுறது.

இங்க நாங்க சுகம். நீயும் சுகமாத்தான் இருப்பே, உனக்கென்ன குறை. கடிதம்னா முதல்ல சுகம் விசாரிக்கணும்னு அம்மா சொல்லுவா. விசாரிச்சாச்சு.

நான் அஞ்சாங்கிளாஸ். பேசுற மாதிரிதான் எழுத வரும். உன் ஆபீசுல யாராவது பார்த்துச் சிரிப்பாங்கன்னு பயமா இருந்தா படிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

நம்ம சானிதா கட்டடத்தை வித்துட்டாங்க. ரோம்காரன் ஒருத்தன் வாங்கியிருக்கான். வாசல்ல இனி காவலுக்கு ஆள் வேண்டாமாம், பித்தளைப் பலகையில மின்சார மணி வைக்கிறானாம். அம்மா முப்பத்தொரு வருஷம் உக்காந்த நாற்காலி. அவளுக்கப்புறம் நான் உக்காந்தது நாலு மாசம். செப்டம்பர் முடியறதுக்குள்ள வாசலறையைக் காலி பண்ணணும். உன் அத்தானுக்கு டிராம் பட்டறை வழியா ஃபுவோரிக்ரோத்தாவுல ஒரு வீடு கிடைக்கும். நாலாவது மாடி.

கட்டில், அலமாரி எல்லாம் கட்டிடலாம். சுவர்மேசையை என்ன பண்றதுன்னுதான் கேள்வி. கட்டடத்து மேனேஜர் வந்து பார்த்துட்டு, "சுவத்துல அடிச்சது சுவத்தோடதான்"னு சொல்லிட்டுப் போனான். நான் விடப் போறதில்லை. கழட்டத்தான் போறேன்.

கழட்டுனா உனக்கும் நல்லதுதானே? அம்மா போனதுக்கு நீ வரலை. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் வந்தே. மாடிவீட்டு அமாலியாம்மா முதக்கொண்டு எல்லாரும் உக்காந்திருக்க, என்ன சொன்னே? "அம்மா படுக்கையில இருக்கான்னு அக்கா எழுதினதுமே நான் அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அந்த மேசைக்குப் பின்னால விழுந்திருக்கும், அங்கதானே எல்லாம் விழும்"னு சொன்னே. எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் பின்னல் ஊசியை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒண்ணும் சிக்கலை.

இப்ப மேசை வெளிய வருது. உன் கடிதமும் வரும்.

இன்னொண்ணு. துக்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, சாப்பாடு வெளியிலேர்ந்து வரணும். நம்ம வீட்டு வழக்கப்படி மூணாம் நாள் சாப்பாடு வெளியூர்ல இருக்கிற பிள்ளையோடது. அன்னைக்கு அமாலியாம்மா கோழி சூப்போட வந்து நின்னா. "இது எர்சிலியாவோட நாள்"னு திருப்பி அனுப்பிட்டேன். மேசை மேல ஒண்ணும் இல்லை. நாங்க சாப்பிடலை. உனக்குத் தெரியணும்னு எழுதுறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. அங்க குளிர்னு கேள்வி.

ரஃபேலா


டூரின், 2 ஏப்ரல் 1963

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் நலமும் பிளாசிதோ அத்தானின் நலமும் அறிய ஆவல். அத்தானின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

வாசலறை போவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் மேசை விஷயத்தில் நான் சொல்வதைக் கேள். நோட்டரி அலுவலகத்தில் என் வேலையே இறந்தவர்கள் வீட்டுப் பொருள்களைப் பட்டியல் எழுதுவதுதான். மாதத்துக்கு இரண்டு முறையாவது இப்படி ஒரு மேசையை எழுதுகிறேன். பட்டியலில் அதை கன்சோல் என்போம். இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மாளிகைகளில் இரண்டு சன்னல்களுக்கு நடுவிலுள்ள சுவரை நிரப்பச் செய்தவை. மேலே ஆளுயரக் கண்ணாடி, அதன் முன் மெழுகுவத்திகள், வெளிச்சம் இரட்டிப்பாகும். யாரும் அதன் முன் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, எழுதியதில்லை. வருகிறவர் பார்ப்பதற்காக மட்டுமே அது. அதனால் தச்சர் முன்பக்கத்தைச் செதுக்கி முலாம் பூசுவார். பின்பக்கம் கரடுமுரடான வெறும் மரம். பின்கால்களே கிடையாது. பிற்காலத்தில்தான் சின்ன வீடுகளுக்கென்று நான்கு கால் வைத்துச் செய்தார்கள். சாவி, தொப்பி, கடிதம் வைத்துக்கொள்ள. நம்முடையது பழைய வகை. பின்கால்களின் வேலையைச் சுவர்தான் செய்கிறது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. கட்டடத்தில் நிலையாகப் பொருத்தியது கட்டடத்தைச் சேரும். மேனேஜர் சொன்னது சரி.

அதை விட்டுவிடு, அக்கா. புது வீட்டில் அதற்கு இடமும் இருக்காது.

மூன்றாம் நாள் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

எர்சிலியா


நேப்பிள்ஸ், 19 ஏப்ரல் 1963

எர்சிலியா,

மூட்டு வலி போன வருஷம். இந்த வருஷம் அவருக்கு முதுகு. கேட்டதுக்கு நன்றி. எனக்கு ஒண்ணும் இல்லை, நான் கல்லு மாதிரி.

உன்னைச் சட்டம் படிக்க வச்சது ரோம்காரனுக்கு வக்காலத்து வாங்கவா? நம்ம குடும்பத்துல பட்டம் வாங்குன முதல் ஆள் நீ. அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மா எங்க மாட்டினா? மேசைக்கு மேல. நீ சொல்ற ஆளுயரக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்துல. வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்க்கணும்னு.

மேசை எப்படி வந்துச்சுன்னு மறந்துட்டியா? 46ல மேல்மாடிச் சீமாட்டி வீட்டை வித்துட்டுப் போறப்ப இது ஜோடியா இருந்துச்சு. ஒண்ணைச் சுமந்தவங்க படியில போட்டு உடைச்சாங்க. ஒத்தையா வாங்க எந்த வியாபாரியும் வரலை. "வின்சென்சா, நீயே வச்சுக்கோ"ன்னு அம்மாகிட்ட குடுத்தா. சுவத்துல ரெண்டு கொக்கியை அடிச்சது அப்பா, அவரோட சொந்தச் சுத்தியால. கட்டடம் வந்து அடிக்கலை.

அன்னையிலேர்ந்து இருபத்திரெண்டு வீட்டுக் கடிதமும் அந்த மேசையோட மார்பிள் பலகை மேலதான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் ஒரு தடவை பேர் படிச்சாப் போதும், உறையைத் தடவித் தடவி மனசுல வச்சுக்குவா. வழவழ உறை வக்கீலுக்கு, மூலை மடிஞ்சது அமாலியாவுக்குன்னு. ஒண்ணு தவறினா வேலை போயிடும்னு பயம். சுவர் வளைஞ்சது, மார்பிள் நேரானது, நடுவுல ஒரு விரல் இடம். அதுல விழுந்தது மரச் சட்டத்துக்குள்ள போயிடும், வெளிய வராது. அம்மா இந்த உலகத்துல பயந்தது அந்த ஒரு விரல் இடத்துக்குத்தான். நீ போய் அதையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கே.

மேசையைக் கழட்டக் கூடாதுன்னு ரோம்காரனை விட நீதான் ஜாஸ்தி துடிக்கிறே. ஏன்?

அங்க பனி விட்டிருக்கும். வெளிய போறப்ப கழுத்தை மூடிக்கோ.

ரஃபேலா


டூரின், 30 மே 1963

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. அலுவலகத்தில் வேலை அதிகம். ஒரு பெரிய வீட்டின் பட்டியல், நாற்பது அறைகள்.

நான் துடிக்கவில்லை. மார்பிளின் எடை உனக்குத் தெரியாது. கொக்கியை நெம்பினால் காரை பெயரும், மார்பிள் பிளக்கும், யார் காலிலாவது விழும். அத்தானின் முதுகு வேறு சரியில்லை என்கிறாய்.

எடுத்தே தீர வேண்டுமென்றால் ஆகஸ்டில் எனக்குப் பத்து நாள் விடுமுறை வருகிறது. நானே வந்து கூட நின்று எடுத்துத் தருகிறேன். அதுவரை யாரும் தொட வேண்டாம். இதை மட்டும் கேள்.

அமாலியாம்மாவை விசாரித்ததாகச் சொல்.

எர்சிலியா


நேப்பிள்ஸ், 9 ஜூன் 1963

எர்சிலியா,

நாங்க சுகம். நீ சுகமா இல்லைன்னு உன் எழுத்தைப் பார்த்தாலே தெரியுது, கோடு கோணலாப் போகுது.

ரெண்டாவது மாடி வக்கீல் குமாஸ்தா எவுஜேனியோவைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் காட்டினேன். அந்த ஆளு கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டுச் சிரிச்சாரு. "ரஃபேலா, குடியிருக்கறவங்க சொந்தமா அடிச்ச பொருளை, சுவத்துக்குப் பெரிய சேதம் இல்லாம எடுக்க முடியும்னா, எடுத்துக்கிட்டுப் போகலாம். எங்க ஆபீசுல பெருக்கறவனுக்குக் கூட இது தெரியும். உன் தங்கச்சி டிகிரி வாங்குனவ, அவளுக்கா தெரியாது?"ன்னு கேட்டாரு.

அதைத்தான் நானும் கேக்கறேன். தெரியாம எழுதினியா, தெரிஞ்சே எழுதினியா?

ஆகஸ்ட்ல வர்றேங்கறே. அம்மா ஒன்பது நாள் கிடந்தப்ப வர வழியில்லை. மேசையைத் தூக்கிக் கையில முலாம் ஒட்டற வேலைக்கு மட்டும் பத்து நாள் லீவு கிடைக்குதா? வர்றப்ப பையில என்ன கொண்டு வருவே, எர்சிலியா? ஒரு உறை கொண்டு வருவியா? நாங்க திரும்புற நேரம் பார்த்து உள்ள போடுவியா?

ஜூலை முதல் ஞாயித்துக்கிழமை கொத்தனார் சபாத்தினோ வர்றான். அமாலியாம்மாவும் வர்றா. எவுஜேனியோவும் வர்றாரு. அன்னைக்குத்தான் மேசை எறங்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ரஃபேலா


(அஞ்சலட்டை)

டூரின், 21 ஜூன் 1963

அக்கா, நலம். தொடாதே. கேட்டுக்கொள்கிறேன்.

எர்.


நேப்பிள்ஸ், 15 ஜூலை 1963

எர்சிலியா,

இங்க யாருக்கும் அடி படலை, மார்பிள் உடையலை. அதுக்குத்தானே கவலைப்பட்டே.

ஏழாம் தேதி காலையில பூசை முடிஞ்சதும் ஆரம்பிச்சோம். முதல்ல உன் பட்டத்தைக் கழட்டிக் கட்டில் மேல வச்சேன். அப்புறம் சபாத்தினோவும் அவன் தம்பியும் மார்பிளைத் தூக்கினாங்க. பிளாசிதோ ஒரு பக்கம் நின்னுக்கிட்டு "பார்த்து, பார்த்து"ன்னு கத்தினதோட சரி. சபாத்தினோ, "அண்ணே, நீங்க பார்த்ததுலயே பாதி கனம் குறைஞ்சிருச்சு"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. நான் அந்த ஒரு விரல் இடத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

நீ சொன்னது சரிதான், பின்பக்கம் வெறும் மரம். கரியில யாரோ கணக்குப் போட்டிருக்கான்.

உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு எழுதுறேன். அம்மாவோட சீப்பு. கொண்டை ஊசி ஒரு கைப்பிடி. அந்தோனியார் படம் ரெண்டு. நீ காலேஜ் முதல் வருஷம் காணோம்னு அழுதியே, அந்தப் பேனா மூடி. அப்புறம் கடிதம். ஏழு. ஒவ்வொண்ணா தூசியைத் தட்டி முகவரி படிச்சேன். வக்கீலுக்கு மூணு. செத்துப்போன தையல்காரருக்கு ரெண்டு. ஒரு மின்சார பில்லு, அது நமக்கே வந்தது. அப்புறம் ஒரு கார்டு, அமாலியாம்மாவுக்கு, அர்ஜென்டினாவுலேர்ந்து அவ மகன் 55ல போட்டது. பிறந்த நாளுக்கு வாழ்த்து. அந்த வருஷம் அவன் எழுதலைன்னுதானே அவ கோவிச்சுக்கிட்டா, அன்னையிலேர்ந்து இவளும் எழுதலை, அவனும் எழுதலை. அங்கேயே நின்னு படிச்சா. "எட்டு வருஷமாடி, ரஃபேலா"ன்னா.

ஊரார் கடிதம் எல்லாம் விழுந்திருக்கு. உன்னோடது இல்லை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. எவுஜேனியோதான் கேட்டாரு, "சின்னவளோடது?"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதோ இருக்கு"ன்னு சொல்லி அந்த மின்சார பில்லை மடிச்சு ஏப்ரன் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். அமாலியாம்மா, "பாவம், அந்தப் பொண்ணை நாம சந்தேகப்பட்டோமே"ன்னு அழுதா.

எனக்கு இது ரெண்டாவது தடவை. முதல் தடவை போன நவம்பர்ல. அம்மா தினமும் "தபால் வந்துச்சா?"ன்னு கேப்பா. அஞ்சாம் தேதி என்னால முடியலை. மருந்துக்கடைச் சீட்டைக் கையில எடுத்துக்கிட்டு, "எர்சிலியா எழுதியிருக்கா"ன்னு படிச்சேன். "அன்புள்ள அம்மா, எனக்கு லீவு குடுத்துட்டாங்க, வியாழக்கிழமை ரயில்ல வர்றேன், எனக்குக் காப்பி போட்டு வை." நல்லாத்தான் படிச்சேன். மேசை மேல உனக்குக் கோப்பை வைக்கச் சொன்னா, வச்சேன். சாயங்காலம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னா. நான் மறந்துபோய் வெள்ளிக்கிழமைன்னு படிச்சிட்டேன்.

"காலையில வியாழன்னு இருந்துச்சே"ன்னா.

உனக்குத் தெரியும்ல, அவ காதுல விழுந்தது எதுவும் தவறாது. அப்புறம் படிக்கவே சொல்லலை. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மூணாம் நாள் போயிட்டா.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்து அந்தப் பொய்யைச் சொன்னப்ப நான் நம்பினேன்டி. அதான் உனக்குத் தெரியாது. எல்லாரையும் விட நான்தான் நம்பினேன். மேசையைக் கழட்டணும்னு ஏன் பிடிவாதம் பிடிச்சேன்? ரோம்காரனுக்காகவா? அங்க ஒரு கடிதம் இருக்கும், அதுல வியாழன்னோ வெள்ளின்னோ ஏதாவது ஒரு கிழமை இருக்கும்னு நெனச்சேன்.

இதுக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதுறதா இருந்தா உண்மையை எழுது.

ரஃபேலா


டூரின், 6 அக்டோபர் 1963

அக்கா,

அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? இந்த முறை சரியாகக் கேட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். புது வீட்டு முகவரியை அமாலியாம்மாவுக்கு எழுதித்தான் வாங்கினேன்.

நான் எழுதவில்லை. தபால் தவறவில்லை, மேசை விழுங்கவில்லை. உறைகூட வாங்கவில்லை.

இந்த வேலைக்கு என்னைப் பார்க்க அழைத்த அன்று மூத்த எழுத்தர் ஓர்த்தென்சியா அம்மையார், "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டார். அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அவரே உதவிக்கு வந்தார்: "ஓ, பெத்தவங்க இல்லையா? பாவம்." நான் தலையாட்டினேன். எனக்குப் பேசுவதைவிடத் தலையாட்டுவது எளிது, சிறு வயதிலிருந்தே. பிறகு எப்படிப்பட்ட வீடு என்று கேட்டார். "வாசல்ல முலாம் பூசின ஒரு கன்சோல் இருக்கும்" என்றேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் நான் ஒன்றுமே சொல்லவில்லை. மற்ற அறைகளை அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

'அம்மா உன்னைக் கேட்கிறாள்' என்று நீ எழுதிய கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. "யார்கிட்டேர்ந்து?" என்றார் அம்மையார். உறையின் மேலிருந்த உன் எழுத்தைப் பார்த்தபடியே கேட்டார். "எங்க வீட்டுப் பழைய வேலைக்காரி" என்றேன்.

இதை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

ஒன்பது நாளும் அந்தக் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. விடுப்புக் கேட்க ஒரு அம்மா வேண்டும். என்னிடம் இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தால் ஏன் வரவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. அதை நீதான் அவளுக்குப் படித்துக்காட்டுவாய். தந்தி நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்தது. அன்றும் வேலைக்குப் போனேன். ஒரு வீட்டின் பட்டியல் எழுதினேன். 'கன்சோல், ஒன்று, ஜோடியில்லாதது' என்று எழுதியது நினைவிருக்கிறது.

ஆகஸ்டில் எதற்கு வருவேன் என்று நீ கண்டுபிடித்தது சரி. பழைய தேதியிட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். நன்றாக எழுதியிருந்தேன். அதில் கிழமை எதுவும் இல்லை.

நேற்று ஓர்த்தென்சியா அம்மையாரிடம் போய், நவம்பரில் அம்மாவின் வருஷப் பூசைக்கு விடுப்பு வேண்டும் என்றேன்.

"உங்கம்மாவா? எப்ப இறந்தாங்க?"

"போன நவம்பர்."

அவர் பேனாவை மூடினார். "என்ன வேலை பார்த்தாங்க?"

"ஒரு கட்டடத்துக்கு வாசல் காவல்."

"அப்போ அந்த கன்சோல்?"

"அது எங்களோடதுதான்."

விடுப்புக் கொடுத்துவிட்டார். இப்போது அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. முன்பும் அதிகம் பேசியதில்லை.

வரலாமா?

எர்சிலியா


ஃபுவோரிக்ரோத்தா, 27 அக்டோபர் 1963

எர்சிலியா,

பிளாசிதோவுக்கு முதுகு சரியாச்சு. இப்ப திரும்பவும் மூட்டு. நீ ஏப்ரல்ல கேட்டது இப்பதான் பலிச்சிருக்கு.

கடிதத்தைப் படிச்சதும் அடுப்புல போட எடுத்துட்டுப் போனேன். போடலை. அதுக்காக மன்னிச்சேன்னு நெனச்சுக்காதே. நீ மன்னிப்புக் கேக்கவும் இல்லை, அது ஒண்ணுதான் அந்தக் கடிதத்துல உருப்படி.

மேசை இன்னும் மாட்டலை, வாசல்ல சாஞ்சு கிடக்கு. இந்த வீட்டுச் சுவரு உள்ள பொள்ளல் செங்கல், கொக்கி நிக்க மாட்டேங்குது. பிளாசிதோ பெட்டிப் பலகையில ரெண்டு பின்கால் அடிச்சுத் தர்றேன்னாரு. வேண்டாம்னுட்டேன். சிமென்ட்டுல பதிக்கலாம்னு சபாத்தினோ சொல்றான். இறுகுற வரைக்கும் ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கணுமாம். ஒரு பக்கம் நான் இருக்கேன். ஆறாம் தேதியே வந்துடு.

எட்டாம் தேதி பூசை. அன்னைக்கு எங்க அடுப்பை மூட்ட மாட்டேன். பூசை முடிஞ்சதும் நீ பழைய கட்டடத்துக்குப் போ, அமாலியாம்மா வீட்டு அடுப்புல கோழி சூப் வை. உன் கடிதம் கிடைச்சிருச்சுன்னு அவ இன்னும் நம்பிக்கிட்டிருக்கா. அதை நீயே அவகிட்ட சரி பண்ணிக்கோ, இல்லாத கடிதத்தை ரெண்டு தடவை நான் இருக்குன்னு சொல்லியாச்சு, மூணாவது தடவை என்னால ஆகாது.

பானையை மூடி, துணி சுத்தி, டிராம்ல மடியில வச்சுக்கிட்டு வா. வழி நெடுக மணக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. இந்த ஊர்ல கேக்காம விட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். கேட்டா தலையாட்டாதே. வாயைத் திறந்து சொல்லு: "எங்கம்மா வின்சென்சா, சானிதாவுல வாசல் காவல் பார்த்தா. இது அவளோட மூணாம் நாள் சாப்பாடு."

கொண்டு வந்து மேசை மேல வை. ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, சாப்பிடுவோம்.

உன் பட்டத்தை எங்க மாட்டறதுன்னு வந்தப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்க வீட்டுப் பழைய வேலைக்காரி
ரஃபேலா